அணைக்கவும்

நேற்று முன்தினம் பிற்பகல் என் வீட்டு உள்ளறையில் ஒரு தந்தி அறுந்தது. மின்சாரம் போயிருந்த நேரம். விசிறி நின்ற அமைதியில், காய்ந்த சுள்ளியை முறித்ததுபோல் ஒரு சத்தம். அதன் பின்னால் மற்ற தந்திகள் எல்லாம் சேர்ந்து முனகியதுபோல் நீண்ட ரீங்காரம்.

“பூனை எதையோ தள்ளிடுச்சு, போய்ப் பாருங்க” என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்து.

“பூனை இல்ல” என்றேன். எழுந்து போகவில்லை. ரீங்காரம் தானாக ஓயும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த அறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் பழைய போர்வை போர்த்தி நிற்பது, உங்கள் ஊர் யாழான அந்தச் சின்ன ஹார்ப். வீட்டில் பழகுவதற்காக நீங்கள் கொடுத்தது. பதினொரு ஆண்டுகளாக நான் திருப்பித் தரவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஒரே செங்கம் ரோட்டில், ஒன்றரைக் கிலோமீட்டர் இடைவெளியில் இருந்துகொண்டு நாம் பேசாமல் கழித்த ஆண்டுகள் அவை. தந்தி அறுந்த அன்று நீங்கள் இறந்து நாற்பத்தோராவது நாள். உங்களுக்கு இந்த ஊரில் காரியம் செய்ய உறவு கிடையாது. ஆனாலும் நாட்களை நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

உங்களைப் புகழ்ந்து பேச ஆசிரமத்துப் பக்கத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள். கூட்டம் போட்டு, பூ வைத்து, கண்ணீர் விட்டு அதைச் செய்தும் முடித்துவிட்டார்கள். நான் போகவில்லை. அன்றைக்குக் கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எனக்கு உங்கள் மேல் கோபம் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இது உங்களுக்கு எழுதியதாகவே ஆகாது.

நீங்கள் இங்கே வந்தது மூன்று வாரத்துக்கு. இருந்தது பதினெட்டு ஆண்டு. அதற்கு முன் உங்கள் ஊரில், ஆற்றங்கரை நகரமொன்றின் பெரிய இசைக்குழுவில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஹார்ப் வாசித்தீர்கள். எண்பது பேர் உட்காரும் மேடையில் அந்த வாத்தியத்துக்கு நீங்கள் ஒருவர்தான். “என் வேலை வாசிக்கிறது இல்லை, எண்ணுறது” என்பீர்கள். மற்றவர்கள் வாசிக்க, நீங்கள் கையை மடியில் வைத்து நூறு, நூற்றிருபது தாள அளவுகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நான்கே நான்கு ஸ்வரம். மறுபடி எண்ணிக்கை. ஒரே ஒரு தடவை ஓர் அளவு முந்தி வாசித்துவிட்டதாகச் சொன்னீர்கள். அன்றைக்குக் குழுவின் நடத்துநரோடு சண்டை. மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே எண்ணியிருக்கிறீர்கள். “கோபம் வந்தது, எண்ணிக்கை போச்சு.” இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னீர்கள். நானும் சிரித்தேன்.

உங்கள் பெரிய ஹார்ப் கப்பலில் வந்து, துறைமுகத்தில் பல வாரம் கிடந்து, வேனில் ஏறி செஞ்சி வழியாக வந்தது. கீழ்பென்னாத்தூரில் டீ குடிக்க நிறுத்தியபோது வேன் டிரைவர் அந்த ஆள் உயரப் பெட்டியைக் காட்டி, “இன்னாம்மா இது, பொணப் பெட்டி மாதிரி கீது. ஒரு மாலை வாங்கிப் போட்டுட்டுப் போலாமா?” என்று கேட்டாராம். நீங்கள் அர்த்தம் புரியாமல் தலையாட்ட, அவர் உண்மையிலேயே சாமந்தி மாலை ஒன்று வாங்கிப் போட்டுவிட்டார். மாலையோடு அது வீட்டுக்குள் நுழைந்த புகைப்படம் உங்கள் சுவரில் கடைசிவரை இருந்தது.

தமிழை நீங்கள் அறிவிப்புப் பலகைகளிலிருந்து கற்றுக்கொண்டீர்கள். முதலில் தங்கிய விடுதி அறையில், சுவிட்சுக்கு மேலே ‘வெளியே செல்லும்போது விளக்கை அணைக்கவும்’ என்று எழுதியிருந்தது. அதுதான் உங்கள் முதல் வாக்கியம். அதற்குப் பிறகு ‘காலணிகளை இங்கே விடவும்’, ‘அமைதி காக்கவும்’, ‘வரிசையில் வரவும்’. ஊர்ப் பேச்சு பழகிய பிறகும் ஏதாவது உத்தரவு சொல்ல வேண்டுமென்றால் பலகைத் தமிழ்தான் வாயில் வரும். மயில் ஜன்னலில் வந்து அகவினால் அதனிடமும் “அமைதி காக்கவும்” என்பீர்கள்.

நான் உங்களை முதலில் பார்த்தது எங்கள் கல்லூரி இயற்பியல் துறை விழாவில். தந்தியின் அதிர்வைப் பற்றி நான் பேச, நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். முடிந்து தேநீர் குடிக்கும்போது என் வலது கையைப் பார்த்தீர்கள். எல்லோரும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நீங்கள் திருப்பவில்லை.

“சுண்டு விரல் எங்கே?”

பத்தொன்பது வயதில், எங்கள் நிலத்தில், கடலை உடைக்கும் மிஷினில் சிக்கிய பட்டையை நான் எடுத்துக்கொண்டிருந்தபோது என் அண்ணன் பார்க்காமல் மோட்டாரைப் போட்டுவிட்டான் என்று சொன்னேன். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் வீணை கற்றிருந்தேன் என்றும் சொன்னேன். வீணையில் பக்கத்துத் தாளத் தந்திகளை மீட்டுவது வலது கைச் சுண்டு விரல். அது போன பிறகு என் வாத்தியார், “தாளம் போட விரல் இல்லாம வீணை எதுக்குப்பா, வேற வேலையப் பாரு” என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். நான் வேறு வேலையைப் பார்த்தேன். இரண்டு பேரையும் மறக்கவில்லை.

நீங்கள் உங்கள் இரண்டு கைகளையும் விரித்து, சுண்டு விரல்களை மடக்கிக் காட்டினீர்கள். “ஹார்ப்புக்கு இது வேண்டாம். நீளம் கம்மி, எட்டாது. உலகத்தில் எந்த ஹார்ப்காரரும் இதை உபயோகிக்கிறது இல்லை. நாலு விரல்தான்.”

முப்பத்தைந்து வயதில், பிள்ளை பெற்ற பிறகு, ஒரு மனிதன் மறுபடி முதல் பாடத்துக்குப் போய் உட்கார்ந்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

அந்த முதல் பாடம் உங்களுக்கு நினைவிருக்கும். நான் ஒரு தந்தியை மீட்டினேன். அது ஒலித்துக்கொண்டே இருந்தது. ஹார்ப்பில் அப்படித்தான்; விரல் எடுத்த பிறகும் தந்தி பாடும். உள்ளங்கையை வைத்தால்தான் நிற்கும். நீங்கள் “அணைக்கவும்” என்றீர்கள். நான் ஒரு கணம் விழித்துவிட்டு, இரண்டு கைகளாலும் ஹார்ப்பைக் கட்டி அணைத்துக்கொண்டேன். அறையில் இருந்த தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டே உங்களிடம் கற்றுவந்த பெண். “சார், லைட்ட அணைக்கிற அணை. நீங்க இன்னாத்துக்கு அதைக் கட்டிப் புடிக்கிறீங்க?” நீங்களும் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: “பரவாயில்லை. ரெண்டுக்கும் தந்தி நின்னுடுது.”

அன்றிலிருந்து என் இசைத்தாள்களில், ஒலியை நிறுத்த வேண்டிய இடங்களில் எல்லாம், அதற்குரிய குறியைப் போடாமல் கோணல்மாணலான எழுத்தில் ‘அணைக்கவும்’ என்று பென்சிலால் எழுதித் தருவீர்கள்.

ஐந்து ஆண்டுகள். பௌர்ணமி தவிர எல்லாச் சனிக்கிழமைகளும். கிரிவலக் கூட்டத்தில் உங்கள் தெருவுக்குள் நுழைய முடியாது என்பதால் பௌர்ணமிக்கு மட்டும் விடுமுறை. நீங்கள் நல்ல ஆசிரியர் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது, நீங்கள் கடினமான ஆசிரியர். பாராட்ட மாட்டீர்கள். வாசித்து முடித்ததும் கண்ணை மூடியபடி இருப்பீர்கள். அது திருப்தியா சலிப்பா என்று தெரியாது. ஒரு தடவை மட்டும், “நீங்க தொடங்கும்போது நல்லா இருக்கு. முடிக்கும்போது யாரையோ அடிக்கிறீங்க” என்றீர்கள். நான் அதை என் விசையைப் பற்றிய விமரிசனம் என்று எடுத்துக்கொண்டு, தசையைத் தளர்த்தப் பயிற்சி செய்தேன்.

பிறகு அந்தக் கச்சேரி. பள்ளி ஒன்றின் மண்டபத்தில், நீங்களும் தேன்மொழியும் நானும். எனக்காக நீங்களே எழுதிய ஐந்து நிமிடத் துண்டு. அதன் கடைசியில் பல தந்திகளை ஒன்றாக மீட்டும் சுரக்கூட்டை நீங்கள் இடது கைக்கு, தாழ்ந்த தந்திகளில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது அடக்கமாகப் பட்டது. வலது கைக்கு, உச்சத்தில் மாற்றிக்கொண்டேன். நீங்கள் புருவத்தைத் தூக்கினீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதே மண்டபத்தில் நடந்த கடைசி ஒத்திகையில் யாரையெல்லாம் அழைத்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். சொன்னேன். என் அண்ணன். என் வீணை வாத்தியார். என்னைத் தாண்டித் துறைத் தலைவராகிவிட்ட என் ஜூனியர். மூன்று பேருக்கும் முதல் வரிசையில் இடம் போடச் சொல்லியிருக்கிறேன் என்றும் சொன்னேன்.

நீங்கள் ஆங்கிலத்துக்கு மாறிக் கேட்டீர்கள். “முதல் வரிசை முழுக்கக் குற்றவாளிகளா? அப்படியானால் நீங்கள் வாசிப்பது யாருக்கு?”

நான் ஹார்ப்பை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டேன். வாசிக்கத் தொடங்கினேன். நன்றாக வாசித்தேன், அதை இன்றைக்கும் சொல்வேன். கடைசிக் கூட்டை மீட்டிவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கி நிறுத்தினேன். ஒலி மண்டபத்தைச் சுற்றியது.

“அணைக்கவும்” என்றீர்கள். நான் கையை இறக்கவில்லை. மறுபடி சொன்னீர்கள். சற்று நேரம் கழித்து உள்ளங்கைகளை வைத்தேன். எல்லாம் நின்றது, ஒரு தந்தியைத் தவிர. என் வலது கையில் சுண்டு விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அடையாளத்துக்குச் சாயமிட்ட ஒரு சிவப்புத் தந்தி மட்டும் தப்பி ஒலித்துக்கொண்டிருந்தது. வாசிப்பதற்கு வேண்டாத விரல் அணைப்பதற்கு வேண்டியிருந்தது. அது எனக்குத் தெரியாதது அல்ல. உங்களுக்கும் தெரிந்ததால்தான் நீங்கள் முடிவுகளை எல்லாம் என் இடது கைக்கு எழுதினீர்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

நீங்கள் பின்னாலிருந்து வந்து, என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அந்தத் தந்தியின் மேல், என் விரல் இல்லாத இடத்தில், உங்கள் விரலை வைத்தீர்கள்.

ஒத்திகை பார்க்க வந்திருந்த பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உங்கள் கையைத் தட்டிவிட்டேன். வேகமாகத்தான் தட்டினேன். உங்கள் மற்றொரு கையிலிருந்த, தந்தி முறுக்கும் சுருதிச் சாவி தரையில் விழுந்து உருண்டது. நீங்கள் அதை எடுக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: “அணைக்கத் தெரியுற வரைக்கும் மேடை இல்லை.”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். என் குறையை ஊர் நடுவில் விரல் வைத்துக் காட்டினீர்கள். என்னை மேடையிலிருந்து இறக்கினீர்கள். என் பட்டியலில் நான்காவதாக உங்களைச் சேர்த்துக்கொண்டேன். கச்சேரி நடந்த மாலையில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் காலை அண்ணன் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து கதவைத் தட்டினான். “டேய், ஒண்ணு சொல்லிட்டுப் போய்டுறேன், கதவத் தொற.” திறக்கவில்லை. முதல் வரிசைக்கு அழைத்துவிட்டு நானே வராமல் போனதைக் கிண்டல் செய்ய வந்திருக்கிறான் என்று நினைத்தேன். மனைவி ஜன்னல் வழியாக, “அப்புறமா வாங்க மாமா” என்றாள். வாசலில் ஒரு பை வேர்க்கடலை வைத்துவிட்டுப் போனான். அதையும் எடுக்கவில்லை. குரங்குகள் பிரித்துத் தின்றன. அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

ஓராண்டு கழித்துக் காய்கறிக் கடையில் நீங்களும் நானும் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டோம். நான் பையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பின்னாலிருந்து நீங்கள் சொன்னீர்கள்: “மீண்டும் வருக.” கடைக்காரர் சிரித்துவிட்டார். கேலி செய்கிறீர்கள் என்று காது சூடாக நடந்து வந்தேன். உங்களுக்கு அழைக்கத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான் என்பது பத்தாண்டுகளாக எனக்கு உறைக்கவில்லை. படித்தவன் என்று பெயர்.

நேற்றுக் காலை தேன்மொழி வந்தாள். இப்போது அவள்தான் உங்கள் வீட்டில் பாடம் நடத்துகிறாள். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் கேட் பக்கமே நின்றாள்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த சின்ன ஹார்ப் உங்க கிட்ட கீதுல்ல? புதுசா மூணு பேர் சேந்துக்கிறாங்க. என்னோட ஒண்ணே ஒண்ணை வச்சிக்கினு அல்லாடுறேன்.”

“அவங்க கேக்கச் சொன்னாங்களா?”

“இல்ல சார். நான் ரெண்டு மூணு வாட்டி, போய் வாங்கியாரவானு கேட்டேன். ‘அது அவர் வீட்டுல இருக்கட்டும், அவரோட சேந்து வரும்’னாங்க.” பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து நீட்டினாள். “உங்க பேப்பருங்க. அலமாரில தனியா வச்சிருந்தாங்க.”

மேலே அந்தக் கச்சேரியின் நிகழ்ச்சி நிரல் இருந்தது. மூன்றாவதாக என் பெயர்.

“இது முதல்ல அடிச்சது. அப்புறம் என்னை எடுத்துட்டாங்களே” என்றேன்.

“யாரு சார் எடுத்தது?” என்று நிஜமாகவே திகைத்தாள். “அன்னிக்கு சபையில குடுத்ததே இதான். நான் கேட்டேன், சார் பேர அடிச்சிடலாமானு. ‘வேணாம், வருவாரு’ன்னாங்க. உங்க பேரையும் மைக்ல சொல்லிட்டாங்க. நீங்க வரல. மேடம் போய் ஹார்ப் பக்கத்துல உக்காந்தாங்க. கை மடில. வாசிக்கல சார். ஜனம் ஒண்ணும் புரியாம பாக்குது. அவங்க உதடு மட்டும் அசையுது. எண்றாங்க. உங்க பாட்டு மொத்தத்தையும் எண்ணாங்க, அஞ்சு நிமிஷம். கடைசியா ரெண்டு கையையும் தந்தி மேல வச்சாங்க. சத்தமே இல்ல, ஆனா அணைச்சாங்க. அப்புறம் எழுந்து கும்பிட்டாங்க.”

நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“உங்க அண்ணன் முதல் வரிசையில இருந்தாரே. கூட்டம் கலைஞ்சப்புறமும் உக்காந்தே இருந்தாரு. ‘நாளைக்கே போய் அவன் கிட்ட சொல்றேன்’னு மேடத்து கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. சொல்லலியா?”

“சொல்ல வந்தான்” என்றேன்.

இன்று காலை ஹார்ப்பை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். விளக்கு சுவிட்சுகளுக்கு மேலே நீங்கள் ஒட்டிவைத்த ‘அணைக்கவும்’ சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. பெரிய ஹார்ப் துணி போர்த்தி மூலையில் நிற்கிறது. உங்கள் தங்கை மகள் வந்து முடிவு செய்வாளாம். அறுந்த தந்தியை மாற்றினேன். என் கைக்கு முடிச்சு மறக்கவில்லை. சுருதி நிற்க ஒரு மணி நேரம் ஆனது. புதிதாகச் சேர்ந்த மூன்று பேரும், பள்ளி ஆசிரியைகள் இருவர், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், சுவரோரம் உட்கார்ந்து பார்த்தார்கள்.

“வாசிங்க சார்” என்றாள் தேன்மொழி.

வாசித்தேன். அந்த ஐந்து நிமிடத் துண்டையே, மோசமாக. பதினொரு ஆண்டு சும்மா இருந்த விரல்கள். நடுவில் இரண்டு இடம் விட்டுப்போனது. முடிவை நீங்கள் எழுதியபடி இடது கையில் முடித்திருக்கலாம். வேண்டுமென்றே வலது கையில் மீட்டினேன். “அணைக்கவும்” என்றாள் தேன்மொழி. அவள் கேலி செய்யவில்லை. அந்த அறையில் அதற்கு வேறு சொல் கிடையாது. உள்ளங்கைகளை வைத்தேன். எல்லாம் நின்றது. அந்தச் சிவப்புத் தந்தி மட்டும் தப்பி ஒலித்தது.

தேன்மொழி என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள். பாதியில் தயங்கி நிறுத்தினாள். அவளும் அன்றைக்கு அந்த ஒத்திகையில் இருந்தவள்.

“வை” என்றேன்.

வைத்தாள். நின்றது.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்கிறது. ஒரு வார்த்தை எழுதி அனுப்பியிருக்கலாம் நீங்கள். ஆனால் எண்ணிக்கொண்டு காத்திருப்பதுதான் உங்கள் தொழிலே. எண்ணிக்கை முடியும் முன்னால் நீங்கள் வாசிக்க மாட்டீர்கள்.

அண்ணனின் எண்ணைப் பழைய டைரியில் தேடி எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். இதை எழுதி முடித்ததும் கூப்பிடுவேன். அவன் எடுப்பானா என்று தெரியாது. எடுத்தாலும் பேசுவானா என்று தெரியாது. பேசாவிட்டால், சும்மா உட்கார்ந்து எண்ண வேண்டிய முறை இனி என்னுடையது. உங்களிடம் ஐந்து ஆண்டுகள் உட்கார்ந்ததில், வாசிக்கக் கற்றதை விரல்கள் பாதி மறந்துவிட்டன. எண்ணுவது மறக்கவில்லை.